ஊருக்கொரு லோடு

கம்பெனிக்காரர்கள் கொடுத்த ரிப்போர்ட்டை நான் பஞ்சாயத்து ஆபீஸ் வாசலிலேயே நின்று கிழித்தேன். மொத்தமாகப் பிடித்துக் கிழித்தால் கிழியவில்லை, தாள் அவ்வளவு கெட்டி. இரண்டிரண்டாகப் பிரித்துக் கிழிக்க வேண்டியதாயிற்று. சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். அந்தக் கைதட்டல் எனக்குப் பிடித்திருந்தது என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

ரிப்போர்ட்டில் இருந்தது ஒரே விஷயம்தான். பனமேட்டு வாலிபால் கிரவுண்டின் கேலரி பலவீனமாக இருக்கிறது, ஆட்கள் உட்காரத் தகுதியில்லை, இடித்துவிட வேண்டும். இடித்த பிறகு கம்பெனியே தன் செலவில் ரயில்பாதைக்கு அந்தப் பக்கம், சிப்காட் தொழிற்பேட்டைக்குள்ளே, கூரை போட்ட ஸ்டேடியம் கட்டித் தரும். பழைய கிரவுண்டு லாரி நிறுத்த கம்பெனிக்குக் குத்தகைக்குப் போகும். இந்தக் கடைசி வரி மட்டும் ரிப்போர்ட்டில் இல்லை, ஆனால் டீக்கடையில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

பனமேடு, கும்மிடிப்பூண்டிக்கும் பழவேற்காடு ஏரிக்கும் நடுவில் இருக்கிறது. மேற்கே பார்த்தால் உருக்காலைப் புகை, கிழக்கே பார்த்தால் நெல் வயல், அதைத் தாண்டினால் உப்புத் தண்ணீர். அந்த கேலரியை 1974-ல் சுற்றியிருந்த ஏழு ஊர்க்காரர்கள் சேர்ந்து கட்டினார்கள். பன்னிரண்டு படி. கீழே வரிசையாகத் தூண்கள், தூண்களுக்கு இடையில் ஆள் நிமிர்ந்து நடக்கும் அளவுக்குக் காலி இடம். பொங்கல் டோர்னமெண்டு நடக்கும் இரண்டு நாளும் எழுநூறு எண்ணூறு பேர் அதில் நெருக்கியடித்து உட்காருவார்கள். மாட்டுப் பொங்கலன்று ஃபைனல். அந்த மாலை மட்டும் கேலரியில் இடம் பிடிக்கக் காலையிலேயே துண்டு போட்டுவிடுவார்கள்.

நான் தமிழ்செல்வி. அரசு மேல்நிலைப் பள்ளியில் பி.டி. டீச்சர். இந்த கிரவுண்டில் ஆடி வாங்கிய சர்டிபிகேட்டில்தான் எனக்குக் கல்லூரி கிடைத்தது, வேலையும் கிடைத்தது. எனக்கு வாய் நீளம் என்று ஸ்டாஃப் ரூமில் சொல்வார்கள். அது பொய்யில்லை. ஆகவே கேலரியைக் காப்பாற்றும் கமிட்டி என்று ஒன்று முளைத்தபோது, முன்னால் நிற்க என்னைத் தவிர யாரையும் யாரும் யோசிக்கவில்லை.

கம்பெனி சார்பில் வந்து பேசியவர் பெயர் சபரிநாதன். இஸ்திரி கலையாத சட்டை, அடக்கமான குரல். அவரோடு சண்டை போட வசதியே கிடைக்காது. ஒருநாள் என்னைத் தனியாகப் பிடித்தார்.

"டீச்சர், நீங்களே சொல்லுங்க. உங்க பொண்ணுங்க எங்க டிரஸ் மாத்துறாங்க?"

பதில் அவருக்குத் தெரியும். கேலரிக்குக் கீழே, இரண்டு தூணுக்கு நடுவில் நான் கட்டிவிட்ட பழைய புடவைக்குப் பின்னால். நான் ஆடிய காலத்தில் அந்தப் புடவையும் கிடையாது, மோட்டார் கொட்டகைக்குப் பின்னால் பாவாடைக்குள்ளேயே ஜெர்சியை மாட்டிக்கொண்டு வருவேன். பழசைக் காப்பாற்ற வேண்டும் என்று மைக்கில் பேசிய ஆண்கள் ஒருவருக்கும் அந்த வித்தை தெரியாது. எனக்குத் தெரியும். தெரிந்தும், "எங்க பொண்ணுங்கள நாங்க பாத்துக்கறோம் சார்" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஏன் என்று கேட்டால், லோடு முறைதான் காரணம்.

எங்கள் டோர்னமெண்டில் சேர நுழைவுக் கட்டணம் கிடையாது. கேலரி கட்டிய நாளிலிருந்து ஒரே வழக்கம். ஆடும் ஊர் ஒவ்வொன்றும் கேலரிக்கு ஒரு லோடு கொண்டுவர வேண்டும். சூளை இருக்கும் ஊர் செங்கல், கடை இருக்கும் ஊர் சிமெண்டு மூட்டை, டிராக்டர் இருக்கும் ஊர் ஜல்லி, நாங்கள் சுண்ணாம்பும் சாப்பாடும். மார்கழி கடைசி ஞாயிறு எல்லா ஊர் ஆட்களும் கூடி, விரிசல் விட்ட இடத்தையெல்லாம் பூசி, வெள்ளையடித்து, ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டுக் கலைவார்கள். லோடு இறக்கின ஊர் பெயர்தான் ஆட்ட அட்டவணையில் ஏறும். லோடு இல்லை என்றால் ஆட்டம் இல்லை. அதில் தயவு தாட்சண்யம் கிடையாது.

இந்த வழக்கம் கேட்க அழகாக இருக்கிறது இல்லையா. ஏரிக்கரைக் குப்பத்துக்காரர்களுக்கு அது கிட்டத்தட்ட நாற்பது வருஷம் அடைத்த கதவு. அவர்களிடம் செங்கல் இல்லை, டிராக்டர் இல்லை. பதினெட்டு ஏக்கர் நெல் போடுகிற டோர்னமெண்டு கமிட்டித் தலைவர் அன்புசெல்வனிடம் நான் ஒருமுறை குப்பத்து டீமைச் சேர்க்கச் சொல்லிக் கேட்டேன். "வரட்டும், யாரு வேணாம்னா. இன்னாத்த கொண்டாருவாங்க? மீன வெச்சா கேலரிய பூசுறது?" என்று கேட்டுச் சிரித்தார். கூட இருந்தவர்களும் சிரித்தார்கள். அன்று ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை.

அதற்கு மறுவருஷம் ஆற்றில் மணல் அள்ளக்கூடாது என்று கெடுபிடி வந்தது. மணல் கொண்டுவரும் ஊர் கையை விரித்து ஜல்லிக்கு மாறிக்கொண்டது. நான் அன்றைக்கே ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு சுண்ணாம்புக்குளம் தாண்டிக் குப்பத்துக்குப் போனேன். சேகருக்கு அப்போது இருபது வயது. ஆறடி, எகிறி அடித்தால் எதிர் கோர்ட்டில் நிற்கிறவன் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொள்வான். டோர்னமெண்டை வேலிக்கு வெளியே நின்று பார்க்கிறவன்.

"ஒரு லோடு மணல் கொண்டாந்துடு சேகரு. டீம் பேர நான் எழுதிடறேன்" என்றேன்.

அவன் கொஞ்சம் யோசித்தான். "எங்களாண்ட கீறது உப்பு மண்ணுதான்க்கா. கேலரிக்கு ஆவுமா?"

"ஆவும், கொண்டா."

ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. யாரையும் கேட்கவுமில்லை. பூச்சு வேலைக்குத் தலைமை சடையப்பன் மேஸ்திரி. சம்பளம் வாங்காமல் வருஷா வருஷம் வருகிறவர். மணலைப் பார்த்துவிட்டு, "கழுவிட்டா ஆவும்" என்றார். அந்த வருஷம் டிரம்மில் கொட்டிக் கழுவினோம். அடுத்த வருஷம் அரைகுறையாக. அதற்கடுத்த வருஷம் யாருக்கும் ஞாபகமே இல்லை. கழுவின தண்ணீரும் கிரவுண்டு போர் தண்ணீர்தான். அது உப்புக் கரிக்கும் என்று நாங்கள் யாரும் அதைக் குடிப்பதில்லை, வீட்டிலிருந்து கேன் எடுத்துப் போவோம். குடிக்கக் கூடாது என்று தெரிந்த புத்தி பூசும்போது வேலை செய்யவில்லை.

முதல் வருஷமே குப்பம் இரண்டாவது பரிசு. கேலரியின் பன்னிரண்டு படியும் எழுந்து நின்றது. அன்புசெல்வன் சேகர் கழுத்தில் மாலை போட்டபோது நான் கோர்ட் ஓரத்தில் விசிலை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன். பதினாலு வருஷமாகக் குப்பத்து மணல்தான் கேலரியைப் பூசுகிறது. என் வாழ்க்கையில் நான் உருப்படியாகச் செய்த காரியம் எது என்று யாராவது கேட்டிருந்தால் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

கிழித்த ரிப்போர்ட்டுக்குப் பதில் ரிப்போர்ட் கொண்டுவர பஞ்சாயத்து எங்களுக்குப் பொங்கல் வரை அவகாசம் கொடுத்தது. என்னிடம் படித்த அஸ்வினி திருவள்ளூர் பக்கம் ஒரு இன்ஜினியரிங் காலேஜ் லேபில் இருக்கிறாள். கட்டடம் சோதிக்கிற வேலை. திருநின்றவூரிலிருந்து ரயில் மாறி கும்மிடிப்பூண்டி வந்து, ஷேர் ஆட்டோவில் பையோடு இறங்கினாள். ஒரு நாள் பூராவும் படிப்படியாகத் தட்டினாள், துளை போட்டாள், வந்த தூளைச் சின்னச் சின்னக் கவரில் போட்டு நம்பர் எழுதினாள். நான் அவள் பின்னாலேயே தண்ணீர் பாட்டிலும் முறுக்குமாக அலைந்தேன்.

"நல்லபடியா எழுதிக்கினு வா. பிரேம் போட்டு மாட்றேன்" என்றேன். அவள் சிரித்தாள்.

பத்து நாள் கழித்து போன் வந்தது. நான் ஸ்கூல் மைதானத்தில் ஒன்பதாம் வகுப்புக்கு டிரில் எடுத்துக்கொண்டிருந்தேன்.

"மிஸ், பக்கத்துல யாரும் இல்லியே?"

"சொல்லு."

"கம்பெனி ரிப்போர்ட்ல கம்மியாதான் எழுதிகீறாங்க. உள்ள கம்பியே இல்ல மிஸ். பாதி எடத்துல துருதான் கீது. தூள்ல உப்பு அவ்ளோ."

"எழுபத்து நாலுல கட்டுனது அஸ்வினி. பழசாச்சின்னா அப்படித்தானே."

"இல்ல மிஸ். எழுபத்து நாலுல போட்ட கான்கிரீட்டு நல்லா கீது. ஆத்து மணலு. அப்பால பூசுனீங்க பாருங்க, அதான் போச்சு. கம்பி வெளிய தெரியற எடமா பாத்து உப்பு மணல வெச்சு அப்பிகீறீங்க." அவளுக்கும் சொல்லப் பிடிக்கவில்லை. "யாரும் கை வெக்காம வுட்டிருந்தா இன்னும் இருவது வருஷம் நின்னுருக்கும் மிஸ்."

பிள்ளைகள் வரிசையில் கையைத் தூக்கியபடி நின்றிருந்தார்கள். இறக்கச் சொல்ல மறந்துவிட்டேன்.

அந்த நேரம் முதலில் எனக்கு என் டீம் பெண்கள் ஞாபகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அன்புசெல்வனின் சிரிப்புதான் வந்தது. குப்பத்துக்காரன் மணல் கேலரியைத் தின்றுவிட்டது என்று அந்தச் சிரிப்பு சொல்லும். ஏழு ஊரும் அதைத் திருப்பிச் சொல்லும்.

"பழுது பாக்க முடியாதா?"

"பூசுன அத்தனையும் கொத்திட்டு, கம்பி மாத்தி, புதுசா போடணும். பண்ணலாம் மிஸ். புதுசு கட்றத வுட அதிகமாவும். யாரு பண்ணுவாங்க?" பிறகு மெதுவாகக் கேட்டாள். "இத நான் அனுப்பணுமா மிஸ்?"

என் மாணவி அவள். நான் சொன்னால் கேட்பாள் என்று எனக்குத் தெரியும்.

"பொங்கல் முடியட்டும்" என்றேன்.

"கீழ யாரையும் வுடாதீங்க மிஸ். மேல கூட பரவால்ல, கீழ வேணாம்."

மறுநாள் கேலரிக்குக் கீழே புடவையை அவிழ்த்து எடுத்துவிட்டுக் குறுக்கே ஒரு கயிறு கட்டினேன். பாம்பு இருக்கிறது, யாரும் போகக்கூடாது என்று டீம் பெண்களிடம் சொன்னேன். பெரிய சாரை என்று ஒருத்தியிடமும், நல்ல பாம்பு என்று இன்னொருத்தியிடமும் சொன்னதாக ஞாபகம். பொய் சொல்லிப் பழக்கம் இல்லாதவள் சொல்கிற பொய் அப்படித்தான் இருக்கும்.

அடுத்த மூன்று வாரமும் நான் சரியாகத் தூங்கவில்லை. பொங்கல் வரைக்கும் தாங்கினால் போதும், குப்பத்துப் பையன்கள் ஆடி முடித்துவிடட்டும், அப்புறம் நானே போய் ரிப்போர்ட்டைக் கொடுத்துவிடுகிறேன், பழைய கட்டடம், காலம் முடிந்தது என்று பொதுவாகச் சொல்லிவிடலாம். இதையே திரும்பத் திரும்ப எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எண்ணூறு பேர் உட்காரப்போகிற படியைப் பற்றி இப்படி யோசித்தவள் நான்தான். அதை நினைத்தால் இப்போதும் என் மேலேயே எனக்குக் கோபம் வருகிறது.

பூச்சு ஞாயிறு வந்தது. விடிந்ததிலிருந்து டிராக்டரும் டாடா ஏஸும் வந்து லோடு இறக்கின. எங்கள் ஊர்ச் சமையல்காரன் லோகு பாத்திரம் முழுக்க எலுமிச்சம் சாதம் கிண்டிக்கொண்டிருந்தான். ஒன்பது மணிக்குச் சேகர் டெம்போ வந்தது. பின்னால் மணல், மணல் மேல் எட்டு பையன்கள். சேகருக்கு முப்பத்து நாலு ஆகிவிட்டது. முட்டி போய்விட்டதால் இப்போது கோச்.

"இன்னாக்கா, மூஞ்சி வாடிகீது? கம்பெனிகாரன் பேஜாரு பண்றானா?"

"ஒண்ணுமில்ல. தூக்கம் இல்ல."

"இந்த வாட்டி கப்பு நம்மளுதுக்கா. பெரிய பையன் ஒருத்தன் வந்துகீறான். நீ பாரு."

மணலைத் தள்ளிவிட்டு அவர்கள் சிமெண்டுச் சட்டி எடுக்கப் போனார்கள். நான் குவியலுக்குப் பக்கத்தில் குந்தி, ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்தேன். பதினாலு வருஷத்தில் முதல் தடவை. உப்பு நாக்கில் ஒட்டியது. துப்பிவிட்டு நிமிர்ந்தபோது சடையப்பன் மேஸ்திரி பூச்சுக் கரணையோடு நின்றிருந்தார்.

"டெஸ்டு ரிசல்ட்டு வந்துச்சா டீச்சர்மா?"

அவர் கேலரியின் பக்கவாட்டுக்குப் போய்க் கரணையின் கைப்பிடிக் கட்டையால் ஒரு தூணைத் தட்டினார். டம் என்றது. நாலடி தள்ளி இன்னொரு இடத்தில் தட்டினார். தொம் என்று உள்ளே காலியாகக் கேட்டது.

"அஞ்சாறு வருஷமா இப்படித்தான் கேக்குது" என்றார்.

"தெரிஞ்சிகினே இருந்தீங்களா மேஸ்திரி?"

"தெரியும். அந்த எடத்துல எல்லாம் இன்னும் கொஞ்சம் தடிப்பா பூசினு வந்தேன்." அவர் என்னைப் பார்க்கவில்லை. "உப்பால வந்துச்சின்னு சொன்னா அன்புசெல்வன் மொதல்ல இன்னா பண்ணுவாரு? சேகர வெளிய அனுப்புவாரு. கழுவிட்டா ஆவும்னு சொன்னவன் நானு. அப்பால என்னிய எவன் கூப்டுவான்? இந்த ஒரு நாளுதான் டீச்சர்மா ஏழு ஊரும் நான் சொல்றபடி கேக்குது."

அவரைத் திட்ட வாயைத் திறந்தேன். அவர் ஆறு வருஷம் மறைத்தார், நான் மூன்று வாரம். திட்ட எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது என்று வாயை மூடிக்கொண்டேன்.

அப்போதுதான் சத்தம் கேட்டது. கேலரிக்குக் கீழே யாரோ தடதடவென்று அடிக்கிற சத்தம். பிறகு பெண் பிள்ளைகள் சிரிப்பு.

ஓடினேன். கயிறு ஒரு பக்கம் அவிழ்ந்து கிடந்தது. உள்ளே பிராக்டிஸுக்கு வந்த என் டீம் பெண்கள் ஆறு பேர், பாதிப் பேர் ஜெர்சி, பாதிப் பேர் சுடிதார், கையில் மூங்கில் கழி. பூமிகா கழியைத் தூக்கி மேலே படியின் அடிப்பக்கத்தை ஓங்கி ஓங்கி இடித்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு இடிக்கும் சிமெண்டுத் தூள் அவள் தலையில் கொட்டியது. மேலே நூறு பேர் சட்டி தூக்கிக்கொண்டு ஏறி இறங்கிக்கொண்டிருந்தார்கள்.

"பாம்பு இல்ல மிஸ். நல்லா தட்டிப் பாத்துட்டோம்" என்றாள். "வெளிய ஃபுல்லா ஆம்பளைங்க. வேற எங்க போயி மாத்துறது?"

அவள் முடியில் ஒட்டியிருந்த தூள் காவி நிறத்தில் இருந்தது. துரு.

பூமிகா கையைப் பிடித்து வெளியே இழுத்தேன். மற்றவர்களையும் வெளியே தள்ளினேன். பிறகு கழுத்தில் தொங்கிய விசிலை எடுத்து ஊதினேன், மூச்சு தீரும் வரை ஊதினேன். கேலரி மேல் இருந்தவர்கள் அப்படியே நின்றார்கள்.

"எல்லாம் கீழ எறங்குங்க. மெதுவா எறங்குங்க, குதிக்காதீங்க."

இறங்கினார்கள். என்ன ஏது என்று கேட்டபடி கோர்ட்டில் கூடினார்கள். நான் சொன்னேன். கம்பெனி ரிப்போர்ட் உண்மை, நாம் எடுத்த ரிப்போர்ட் அதைவிட மோசம், கம்பி துருப்பிடித்துவிட்டது, மூன்று வாரமாக எனக்குத் தெரியும். கைதட்டினவர்கள் முகம் அத்தனையும் என் முன்னால் இருந்தது.

"துரு எப்டி புடிச்சிது?" அன்புசெல்வன் கேட்டார். அவர் ஒன்றும் கொடூரமான மனிதர் இல்லை. யாராக இருந்தாலும் கேட்டிருக்கும் கேள்விதான்.

"பூசுன மணல்ல உப்பு."

எல்லோரும் ஒரே பக்கம் திரும்பினார்கள். சேகர் சிமெண்டுச் சட்டியோடு நின்றிருந்தான்.

நான் முந்திக்கொண்டேன். அவனைக் காப்பாற்றத்தான் முந்திக்கொண்டேன். "அவன் மேல தப்பு இல்ல. கொண்டாரச் சொன்னது நான். உப்பு மண்ணு ஆவுமான்னு அவன் அன்னிக்கே கேட்டான். ஆவும்னு சொன்னது நான்தான்."

கூட்டத்தில் யாரோ சொன்னார்கள். "அப்ப உப்புன்னு தெரிஞ்சேதான் பதினாலு வருஷமா கொட்டிகினு இருந்திருக்கான்."

என் வாயிலிருந்து வந்ததில் அவர்கள் காதில் விழுந்தது அவ்வளவுதான். நான் நான் என்று கத்தினேன். ஒருவரும் என்னைப் பார்க்கவில்லை. மேஸ்திரி எதாவது சொல்வார் என்று திரும்பினேன். அவர் தண்ணீர்த் தொட்டியில் கரணையைக் கழுவிக்கொண்டிருந்தார். கழுவிய கரணையையே மறுபடியும் கழுவினார்.

சேகர் பையன்களைப் பார்த்துத் தலையை ஆட்டினான். எட்டுப் பேரும் மண்வெட்டி எடுத்து, இறக்கின மணலைத் திரும்ப டெம்போவில் அள்ளிப் போட்டார்கள். அரைமணி நேரம் ஆயிற்று. ஏழு ஊர் ஆட்களும் நின்று பார்த்தார்கள். யாரும் உதவவில்லை, யாரும் தடுக்கவில்லை. கடைசியில் தரையில் கிடந்ததைத் துடைப்பத்தால் கூட்டி எடுத்துக்கொண்டு போனார்கள். லோகு கிண்டிய எலுமிச்சம் சாதம் அப்படியே இருந்தது.

மறுநாள் அஸ்வினியின் ரிப்போர்ட்டைப் பஞ்சாயத்தில் கொடுத்தேன். சபரிநாதன் வந்திருந்தார். நான் எதிர்பார்த்த ஜெயித்த முகம் அவரிடம் இல்லை. "நீங்க கொடுத்தது பெரிய விஷயம் டீச்சர்" என்றார். புது ஸ்டேடியத்தின் படத்தைக் காட்டினார். பெண்களுக்கு இரண்டு அறை, கதவோடு, உள்தாழ்ப்பாளோடு. நான் அந்தப் படத்தை ரொம்ப நேரம் பார்த்தேன். பூமிகாவுக்கு அந்த அறை கிடைக்கும். எனக்கு அதில் சந்தோஷம் இருந்தது, அதை இல்லை என்று சொல்ல மாட்டேன்.

"அங்க எல்லா ஊரு டீமும் ஆடலாமா சார்?"

"தாராளமா. கிளப் ரிஜிஸ்டர் பண்ணியிருக்கணும். பிளேயர்ஸ்க்கு ஐடி, கேட்ல பாஸ். அவ்வளவுதான்."

கேலரியைப் பொங்கலுக்குப் பிறகு இடிப்பது என்று முடிவாயிற்று. இந்த வருஷ டோர்னமெண்டு மட்டும் பழைய இடத்திலேயே. கேலரியைச் சுற்றிக் கயிறு கட்டி, ஜனங்கள் மற்ற மூன்று பக்கமும் நின்று பார்ப்பது. அன்று மாலை ஆட்ட அட்டவணை ஒட்டினார்கள். ஏழு ஊர் பெயர் இருந்தது. எட்டாவது இல்லை.

அன்புசெல்வன் வீட்டுக்கே போய்க் கேட்டேன். களத்தில் நெல் காயப் போட்டுக்கொண்டிருந்தார். கோபமாகக்கூடப் பேசவில்லை.

"யாரும் வேணாம்னு சொல்லல டீச்சர். லோடு எறக்குன ஊருதான் ஆடும். அது எங்க தாத்தன் காலத்து மொறை. அவங்க லோடு திரும்பிப் பூட்ச்சே, நீங்களே பாத்தீங்க."

"கேலரியே போவுது. இன்னும் இன்னா லோடு?"

"அடுத்த வருஷம் கெடையாது. இந்த வருஷம் மொறை கீது இல்ல?"

போகியன்று காலை குப்பத்துக்குப் போனேன். சேகர் கரையில் படகு நிழலில் உட்கார்ந்து வலையில் சிக்கியிருந்த நண்டை ஒவ்வொன்றாக எடுத்துக் கூடையில் போட்டுக்கொண்டிருந்தான். அந்தப் பெரிய பையன், இந்த வருஷம் கப்பு வாங்கித் தரப்போகிறவன், கொஞ்சம் தள்ளி இரண்டு கழிக்கு நடுவில் கட்டிய வலையில் தனியாகப் பந்து அடித்துக்கொண்டிருந்தான். உட்காரச் சொல்லி சேகர் ஒரு பிளாஸ்டிக் டப்பாவைக் கவிழ்த்துப் போட்டான். எனக்கு அங்கே எப்போதும் கிடைக்கிற மரியாதை குறையவில்லை. அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

"தப்பு பண்ணிட்டேன் சேகரு" என்றேன். "ஆவும்னு சொன்னதும் தப்பு. அன்னிக்கு அவங்க எதிர்ல அப்படிச் சொன்னதும் தப்பு."

"வுடுக்கா."

"நாளைக்கு வா. டீம இட்டுகினு வா. நான் பேசறேன். கோர்ட்டு நடுவுல நின்னு பேசறேன், ஆட வெக்காம எப்படி போறாங்கன்னு பாக்கறேன். அடுத்த வருஷம் கிளப்பு நான் ரிஜிஸ்டர் பண்ணித் தரேன்."

அவன் நண்டின் காலை வலையிலிருந்து நிதானமாக விடுவித்தான். உடைந்துவிட்டால் விலை போகாது.

"நீ கூப்ட்டா வராம பூடுவோமாக்கா. வர்றோம்." கூடையை மூடிவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தான். பதினாலு வருஷத்துக்கு முன்னால் பார்த்த அதே பார்வை. கிண்டல் இல்லை, கோபம் இல்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். "இன்னா லோடு எத்துக்கினு வர்றது? அத சொல்லு."

அன்றைக்கு ஒரு நொடியில் பதில் சொன்னவள் நான். இன்றைக்குப் பையன் பந்தை அடிக்கிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு அந்த டப்பா மேல் உட்கார்ந்திருந்தேன். சேகர் அடுத்த வலையை மடியில் எடுத்துப் போட்டுக்கொண்டான்.